பஞ்சு ஒட்டிய ‘அ’ கையை எழுதப் பழக்குமா? மழலையருக்கான தமிழ் எழுத்துக் கைவேலைகள்

பவானிக்கரை (ஜனவரி 6, இரவு 9.50)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு நான்கு வயதும் இரண்டு மாதமும் ஆகின்றன, எல்.கே.ஜி. படிக்கிறான். ஜூன் மாதம் முதல் நாங்கள் வீட்டில் செய்த எழுத்துக் கைவேலைகளை எல்லாம் ஒரு பட்டுச்சேலை அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். பஞ்சு ஒட்டிய அ, ஆட்டு முகம் வரைந்த ஆ, வேப்பிலை ஒட்டிய இ என்று உயிரெழுத்துப் பன்னிரண்டும் அதில் இருக்கின்றன. பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் கடந்த வாரம் பள்ளியிலிருந்து வந்த குறிப்பேட்டில், ‘எழுதுவதில் ஆர்வம் இல்லை, வீட்டில் பயிற்சி அளிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். உட்கார வைத்துப் பார்த்தேன். பென்சிலை உளியைப் பிடிப்பது போல் முழுக்கையால் பிடிக்கிறான். நான்கு அ எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று எழுந்து போய்விடுகிறான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் இருப்பவற்றில் வரைந்தது, வெட்டியது, பசை தடவியது எல்லாம் நான்தான். அவன் செய்தது நான் நீட்டிய பஞ்சை வாங்கி நான் காட்டிய இடத்தில் வைத்தது மட்டும். கைக்கு உண்மையிலேயே பயன்படும் கைவேலைகள் எவை? இணையத்தில் தேடினால் வருவன எல்லாம் ஆங்கில எழுத்துக்கானவை. தமிழ் எழுத்தை வைத்துச் செய்யக்கூடியவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய சிலேட்டு (ஜனவரி 6, இரவு 10.35)

அம்மா, கேள்விக்குள்ளேயே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். பெட்டியில் இருப்பது உங்கள் கைவேலை. அதனால் உங்கள் விரல்கள் நன்றாகவே தேறியிருக்கும்!

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பால்வாடியிலும், பிறகு அதுவே அங்கன்வாடியான போது அங்கேயும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் கண்டவரை, நான்கு வயதுப் பிள்ளையிடம் முதலில் அ-வை எழுதச் சொல்வதுதான் தவறு. பாட்டில் அ முதலில் வரட்டும், வாயால் சொல்லும்போதும் முதலில் வரட்டும். கைக்கு அது முதல் எழுத்து அல்ல. இடப்பக்கம் ஒரு சுழி, அங்கிருந்து மேலேறி வளைந்து இறங்குதல், கீழே இடப்புறம் திரும்புதல், மறுபடி வலப்புறம் ஓடுதல், கடைசியில் நிமிர்ந்த ஒரு கோடு என்று எத்தனை திருப்பங்கள் அதில் இருக்கின்றன என்று நீங்களே மெதுவாக எழுதிப் பாருங்கள். ட-வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அடுத்து ப, ட-வின் முடிவில் கை மேலே ஏறினால் ப வந்துவிடும். அந்த இரண்டும் கைக்கு வந்தபின் ‘படம்’ என்ற சொல்லுக்கு ஓர் எழுத்துதான் பாக்கி. பல ஆசிரியர்கள் ட, ப, ம என்று தொடங்குவது இதனால்தான்.

அதற்கும் முன்னால் மணல். ஆற்றங்கரையில் இருக்கிறீர்கள் என்று பெயரைப் பார்த்தாலே தெரிகிறது. சலித்த மணல் ஒரு தாம்பாளம் போதும். விஜயதசமி அன்று பச்சரிசியில் விரல் பிடித்து எழுத வைத்துவிட்டு, மறுநாளே அரிசியை எடுத்து உலையில் போட்டுவிடுகிறோம். அந்தத் தட்டு ஆறு மாதமாவது கூடத்தில் இருக்க வேண்டியது.

இரவுப்பணி அப்பா (ஜனவரி 7, காலை 6.15)

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்மையில் ஒரு படம் வந்தது. சிறு குழந்தையின் கை எக்ஸ்ரேயும் ஏழு வயதுப் பிள்ளையின் கை எக்ஸ்ரேயும் அருகருகே இருந்தன. குழந்தையின் மணிக்கட்டில் எலும்புகளே இல்லாமல் வெற்றிடமாகத் தெரிந்தது. ஆகையால் ஆறு வயது வரை எழுதவே வைக்கக்கூடாது என்று கீழே போட்டிருந்தார்கள். அது உண்மை என்றால் இந்தக் கைவேலைகளும் வேண்டாம்தானே? என் மகளுக்கு மூன்றரை வயது, அதனால் கேட்கிறேன்.

விரல்கணக்கு (ஜனவரி 7, பிற்பகல் 1.20)

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சையாளர். அந்தப் படத்தை வாரத்துக்கு இரண்டு பெற்றோராவது எனக்கு அனுப்புகிறார்கள். படம் பொய் அன்று. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. முதல் சில மாதங்களில் இரண்டு எலும்புகள் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். மற்றவை ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகச் சேரும். பட்டாணி அளவில் இருக்கும் கடைசி எலும்பு ஒன்பது வயதுக்கு மேல்தான் தெரியவரும். ஆனால் குருத்தெலும்பு என்பது வெற்றிடம் அன்று. அந்தக் கையால்தான் குழந்தை தவழ்கிறது, சோற்றைப் பிசைகிறது, தலைமுடியைப் பிடித்து இழுக்கிறது. மூன்று, நான்கு வயதில் பக்கம் பக்கமாக எழுத வைப்பது தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதற்காகக் கைக்கு வேலையே கொடுக்கக்கூடாது என்று முடிவு கட்டுவது மிகை.

பவானிக்கரை கேட்டதற்கு வருகிறேன். எழுதுவதற்கு இரண்டு தனித்தனித் திறன்கள் வேண்டும். ஒன்று பாதை, மற்றொன்று பிடி. எங்கே தொடங்கி எந்தத் திசையில் போய் எங்கே நிற்பது என்பது பாதை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து ஒன்றைப் பிடித்து, மணிக்கட்டு அசையாமல் விரல்களால் மட்டும் நகர்த்துவது பிடி. மணலில் எழுதுவது பாதையைச் சொல்லித்தரும். ஒற்றை விரல்தான் வேலை செய்வதால் பிடிக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. காகிதத்தைக் கிழிப்பது, துணிக் கிளிப்பை அழுத்தித் திறப்பது, சிட்டிகையாக எடுப்பது போன்றவை பிடிக்கு உதவும். அவற்றில் பாதை இல்லை. நீங்கள் செய்த பஞ்சு அட்டையில் இரண்டுமே இல்லை. எழுத்தின் உள்ளே எங்கு வேண்டுமானாலும் பஞ்சை வைக்கலாம். வலமிருந்து இடமாகவும் வைக்கலாம், கீழிருந்து மேலாகவும் வைக்கலாம். கைக்கு அது அ அன்று, வெறும் கட்டம்.

அதே அட்டையை வீணாக்க வேண்டாம். செய்தித்தாளை உங்கள் மகனே கிழிக்கட்டும். ஆளுக்கொரு திசையில் இரு கைகளின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இழுக்க வேண்டியிருப்பதால், இந்த வயதுக்குக் கத்தரிக்கோலைக் காட்டிலும் கிழித்தல் நல்லது. கிழித்த துண்டை மூன்று விரல்களால் உருட்டிப் பட்டாணி அளவு உருண்டையாக்கட்டும். எழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். அங்கிருந்து வரிசை பிசகாமல் ஒவ்வோர் உருண்டையாக ஒட்டிக்கொண்டே போகட்டும். ட-வுக்குப் பதினைந்து உருண்டை போதும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றில்லை.

மற்றொன்று. நான்கு வயதில் மூவிரல் பிடி உறுதியாக வராதது இயல்பே. பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் அது நன்றாக அமைகிறது. நீளமான பென்சிலை எடுத்து வைத்துவிட்டு, அரை விரல் நீளமே உள்ள பல்பத் துண்டையோ உடைந்த கிரேயானையோ கொடுத்துப் பாருங்கள். பிடிக்க இடமே இல்லாததால் முழுக்கையும் உள்ளே புக முடியாது. விரல் நுனிகள் தாமாக முன்னே வரும். சிலேட்டைத் தரையில் வைக்காமல் சுவரில் சாய்த்து வைத்தால் மணிக்கட்டும் சரியான நிலைக்கு வந்துவிடும். பல்பத்தைத் தின்கிற பிள்ளையாக இருந்தால் மட்டும் கிரேயானோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தின்பது தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பனையடி (ஜனவரி 7, இரவு 8.05)

கனடாவில் ரொறன்ரோவில் சனிக்கிழமைகளில் சிறுவருக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு நான்கு வயதிலேயே இங்குள்ள பாடசாலையில் பாலர் வகுப்புத் தொடங்கிவிடுவதால், தமிழைத் தொடுவதற்கு முன்பே ஆங்கில எழுத்துகளைக் குச்சியாலும் கடதாசியாலும் செய்து பழகியிருப்பார்கள். அந்தக் கைவேலைகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர நானும் முயன்று தோற்றிருக்கிறேன். ஆகையால் பவானிக்கரையின் தேடல் ஏன் பலிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஐஸ்குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26-இல் 15 எழுத்துகளை நேர்க்குச்சிகளை மட்டும் அடுக்கியே செய்துவிடலாம். தமிழில் முதல் நாள் வகுப்புக்கு ஒரு பை நிறையக் குச்சி கொண்டுபோனேன். ட செய்தோம், ப செய்தோம். அதற்குப் பிறகு பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் குச்சியைப் பார்த்தேன். மீதியில் பெரும்பாலானவை வளைவும் சுழியும்தான். பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடுகளை அழுத்திக் கீறினால் ஓலை நரம்போடு கிழியும் என்பதால்தான் நம் எழுத்துகள் வளைந்தன என்று பரவலாகச் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், உருண்டு வளையும் எழுத்துக்கு உருண்டு வளையும் பொருள்தான் பொருந்தும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை கோதுமை மாவு பிசைந்து கொண்டுபோனேன். ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு உருண்டை. மேசையில் வைத்து இரு உள்ளங்கைகளாலும் முன்னும் பின்னும் உருட்டி ஒரு சாண் நீளக் கயிறாக்க வேண்டும். ஓரிடத்தில் கூடுதலாக அழுத்தினால் அங்கே மெலிந்து அறுந்துவிடும், அழுத்தாவிட்டால் நீளாது. பிள்ளைகள் அறுத்து அறுத்துத்தான் அந்த அளவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு கயிற்றின் ஒரு நுனியை விரலால் பிடித்துக்கொண்டு மறுநுனியைச் சுற்றிக்கொண்டுவரச் சொன்னேன். அதுதான் சுழி. சுழி போட்ட பிறகு மீதிக் கயிற்றை வளைத்து இறக்கிக் கீழே நேராக இழுத்துவிட்டால் உ. நம்மவர்கள் எதை எழுதினாலும் தாளின் தலையில் முதலில் போடுகிற பிள்ளையார் சுழி அதுதானே! பழைய சிலேட்டு ஆசிரியை ட, ப, ம என்றார்கள். நான் ட, ப, அதன்பின் உ என்று போகிறேன். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு நேர்க்கோடு ஆகிய மூன்றும் அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருக்கின்றன. உ வந்த கைக்கு அ அவ்வளவு அச்சம் தருவதில்லை.

பழைய சிலேட்டு (ஜனவரி 7, இரவு 9.12)

பனையடி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளையார் சுழியை நான் நினைக்கவே இல்லை. மாவுக்கயிறு எங்கள் மையத்திலும் உண்டு, களிமண்ணில். மூன்று சுழி ண-வையும் இரண்டு சுழி ன-வையும் எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள், கயிற்றைத் தம் கையாலேயே மூன்று முறை சுற்றியபின் குழப்பவில்லை. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் லை, னை முதலிய எழுத்துகளுக்குத் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு கொம்பு இருக்கும். நான் படித்தது அந்த எழுத்தில்தான். களிமண்ணில் செய்ய அதைவிட நல்ல எழுத்து கிடையாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எழுதுவதற்குச் சீர்திருத்திய எழுத்தே எளிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாதை பழகுவதற்கு மணல் இல்லாத வீடுகளில் உப்புத்தாள் வாங்கலாம். ஹார்டுவேர் கடையில் சொரசொரப்புக் குறைவானதாகக் கேளுங்கள்; முரடாக இருந்தால் பிள்ளை இரண்டாம் முறை தொடாது. எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவ வேண்டும். இது மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறை. அவர் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். உப்புத்தாளும் இல்லை என்றால் பசையால் எழுத்தை எழுதி, அதன் மேல் ரவையைத் தூவிக் காயவிடுங்கள். ரவையைத் தூவுவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். கோலம் போடுவது போலக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கொட்டும். கொட்டினால் பெருக்கிக்கொள்ளலாம்.

நெல்லைச்சீமை (ஜனவரி 8, காலை 11.40)

இவ்வளவு சிரமமே வேண்டாம். எங்கள் ஆச்சி வீட்டில் ஒரு செம்பு நிறையக் குன்றிமணி இருக்கும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டு, அதன் மேல் ஒவ்வொரு குன்றிமணியாக எடுத்து வைக்கச் சொல்வார்கள். சிவப்பும் கறுப்புமாக எழுத்து முழுவதும் மின்னும். எங்கள் விரல்கள் பழகியது அப்படித்தான். பல்லாங்குழியும் அதே வேலையைச் செய்யும்: பதினான்கு குழியிலும் கையில் உள்ளதை ஒன்றொன்றாக விட்டுக்கொண்டே போக வேண்டுமே.

விரல்கணக்கு (ஜனவரி 8, காலை 11.58)

அண்ணா, பல்லாங்குழிக்கு நூற்றுக்கு நூறு. உள்ளங்கையில் பலவற்றை வைத்துக்கொண்டே ஒன்றை மட்டும் விரல் நுனிக்கு நகர்த்திவிடுவது, பென்சில் பிடிக்குத் தேவையான அதே அசைவு.

குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். குன்றிமணியின் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. மேலோடு கெட்டியாக இருப்பதால் நம் தலைமுறையில் பலர் தப்பித்திருக்கிறோம். குழந்தை கடித்துவிட்டாலோ விதையில் துளை இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஆமணக்குக் கொட்டையும் அப்படியே. இவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்றே அப்புறப்படுத்துங்கள். எந்தக் குழந்தையாவது விழுங்கியது தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

புளியங்கொட்டையில் நஞ்சு இல்லை. ஆனால் அதுவும் தொண்டையில் சிக்கும். மூன்று வயதுக்குக் கீழே கொட்டை, மணி, பட்டாணி எதுவுமே கூடாது. அதற்கு மேற்பட்ட வயதிலும் பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்; சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது. காய்ந்த பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளும் உண்டு. அது உள்ளே ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும்.

நெல்லைச்சீமை (ஜனவரி 8, பிற்பகல் 12.30)

குன்றிமணி இவ்வளவு பொல்லாதது என்று இதுநாள்வரை எனக்குத் தெரியாது. ஆச்சியின் செம்பு என் அம்மாவிடம் இன்றும் இருக்கிறது. இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

பவானிக்கரை (ஜனவரி 9, இரவு 10.10)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு நாளாக ட-வுக்குக் காகித உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். உருண்டை பிடிப்பதில் அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது; ஒட்டுவதற்குத்தான் பொறுமை இல்லை.

இன்னொரு சிக்கலை முதலில் எழுதத் தயங்கினேன். அவன் உருட்டுவதும் கிழிப்பதும் பெரும்பாலும் இடது கையால். சோறும் இடது கையால்தான் எடுக்கிறான். என் மாமனார் எதிரில் உட்கார்ந்து, பல்பத்தைப் பிடுங்கி வலது கையில் வைத்துக்கொண்டே இருக்கிறார். ‘பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் செய்வார்கள், இப்போதே மாற்றிவிட்டால் பிறகு அழ வேண்டியதில்லை’ என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. கைவேலைகளில் ஒரு கையை மட்டும் ஊக்குவித்தால் மாறிவிடுமா?

பழைய சிலேட்டு (ஜனவரி 9, இரவு 10.50)

உங்கள் மாமனாரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அம்மா. என் முதல் பத்து ஆண்டுப் பணிக்காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். பீச்சாங்கை என்று சொல்லிப் பிள்ளைகளின் கையை மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். ஒரு பெண் குழந்தை இருந்தாள். கோலமாவை இடது கையால் அவ்வளவு மெல்லிசாக விடுவாள். நான் கையை மாற்றி வைத்த பிறகு கோலமாவுத் தட்டின் பக்கமே வரவில்லை. எழுத்திலும் கடைசி வரை பின்தங்கித்தான் இருந்தாள். அவளை இப்போதும் எங்கள் தெருவில் பார்க்கிறேன். அவளுக்கு அது நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

சோறு உண்பதை வலது கைக்குப் பழக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் விரும்பினால், அதை எழுத்தோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். வேலை இல்லாத தாத்தாதான் பல்பத்தைப் பிடுங்குவார்.

விரல்கணக்கு (ஜனவரி 10, பிற்பகல் 2.15)

மாற்ற வேண்டாம். எந்தக் கை முந்துகிறதோ அந்தக் கை எழுதட்டும். இடதுகைப் பிள்ளைக்கு மூன்று சிறு ஏற்பாடுகள் போதும். பார்த்து எழுத வேண்டிய எழுத்தைத் தாளின் வலப்பக்கம் வையுங்கள். இடப்பக்கம் வைத்தால் அவன் கையே அதை மறைத்துவிடும். தாளின் மேல்பகுதியைச் சற்று வலப்புறமாகச் சாய்த்து வையுங்கள். கத்தரிக்கோல் கொடுக்கும் காலம் வரும்போது இடதுகைக்கென்றே செய்ததை வாங்குங்கள்; சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையால் பிடித்தால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கும். பிள்ளைக்குத் திறமை இல்லை என்று அதைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள்.

தாத்தாவுக்கு வேலை வேண்டும் என்றால் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக் கொடுங்கள். கெட்டி அட்டை வீணாகக் கிடக்கும் ஒரே இடம் நம் வீட்டு அலமாரிதான். பின்பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ப எழுதி, அதன் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் பஞ்சிங் கருவியாலோ ஆணியாலோ அவர் துளை போடட்டும். ஷூ லேஸைப் பேரன் அந்தத் துளைகளில் கோத்துக்கொண்டே போகட்டும். ஒரு கை அட்டையைப் பிடிக்க, மறுகை கோக்க, கண் இரண்டையும் பின்தொடர என்று எல்லாம் ஒன்றாக நடக்கும். பாதையும் உண்டு, பிடியும் உண்டு.

பனையடி (ஜனவரி 10, இரவு 7.30)

லேஸ் கோக்கும் அட்டையில் எங்கள் வகுப்பில் நேர்ந்த ஒரு கோளாற்றைச் சொல்லிவைக்கிறேன். ஒரு துளையில் மேலிருந்து கீழாகவும் அடுத்த துளையில் கீழிருந்து மேலாகவும் கோத்துப் போனால், முன்பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் லேஸ் தெரியும். முடிந்ததும் ஒரு பிள்ளை, ‘ப உடைந்துபோயிற்று’ என்று அழுதது. அது சொன்னது சரிதான். வெறும் துண்டு துண்டான கோடுகளே தெரிந்தன. அதன்பின், கடைசித் துளைக்கு வந்ததும் அப்படியே திரும்பி விட்டுப்போன இடங்களை நிரப்பிக்கொண்டு தொடக்கத்துக்கு வரப் பழக்கினேன். ஆனால் திரும்பி வரும்போது எழுதும் திசை தலைகீழாகிவிடுவதால், முதல் ஓட்டத்துக்குச் சிவப்பு லேஸும் திரும்பும் ஓட்டத்துக்கு வெள்ளை லேஸும் வைத்துக்கொண்டு, ‘சிவப்பு எழுதும், வெள்ளை ஒட்டுப்போடும்’ என்று சொல்லிக்கொடுத்தேன். லேஸின் நுனி பிரிந்துவிட்டால் செலோடேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். ஆணியால் துளைத்த அட்டையின் பின்பக்கப் பிசிறை உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுவதும் நல்லது.

இரவுப்பணி அப்பா (ஜனவரி 12, காலை 7.05)

மாவுக்கயிற்றை நானும் என் மகளும் செய்து பார்த்தோம். முதல் நாள் வெறும் சப்பாத்தி மாவில் செய்து, மகள் செய்த உ-வைக் காயட்டும் என்று சன்னலில் வைத்தேன். நான் பணி முடித்து வருவதற்குள் எறும்புகள் அதைக் கண்டுபிடித்து, சுழியிலிருந்து வால் வரை சரியான வரிசையில் மொய்த்திருந்தன. பாதையைக் கற்றுக்கொண்டது எறும்புதான்.

இப்போது இரண்டு கப் மைதாவுக்கு அரை கப் தூளுப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து வெதுவெதுப்பான நீரில் பிசைகிறேன். மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் நிறத்துக்கு. மூடிவைத்தால் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்குகிறது. உப்பு அதிகம் என்பதால் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அவளே துப்பிவிட்டாள்.

பழைய சிலேட்டு (ஜனவரி 12, காலை 9.20)

பொங்கல் வருகிறது. மொச்சைக்காய் இப்போது சந்தையில் குவிந்திருக்கும். பவானிக்கரை, அதை விட்டுவிடாதீர்கள். உரித்த பச்சை மொச்சையை இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் அவன் முன்னால் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். ஒரு பயறை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோல் விரலிலேயே நின்றுகொள்ள, பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். இலக்கு வைத்து அழுத்தினால் கிண்ணத்தில் விழும். அவசரப்பட்டால் சுவரில் விழும். நான் பார்த்தவரையில் விரல் நுனிக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தக் கடையிலும் விற்பதில்லை. பிதுக்கிய பருப்பை ப-வின் மேலும் உ-வின் மேலும் வரிசையாக வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு குழம்பில் போட்டுவிடலாம். விரல்கணக்கு அம்மா சொன்னது போல எதிரிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். பச்சையாக வாயில் போட விடாதீர்கள்.

பவானிக்கரை (ஜனவரி 26, இரவு 9.30)

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பண்டிகை, விருந்தினர் என்று நாட்கள் ஓடிவிட்டன.

மாமனார் பதினொரு பத்திரிகைகளில் துளை போட்டிருக்கிறார். என் திருமணப் பத்திரிகையும் அதில் ஒன்று என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இடது கை பற்றி அவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் லேஸ் கோக்கும்போது இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், எந்தக் கை என்று அவருக்கே கணக்கு வைக்க முடியவில்லை. பள்ளிக்குச் சென்று வகுப்பு ஆசிரியையிடமும் பேசினேன். பாடத்திட்டத்தில் அ முதலில் இருப்பதால் வகுப்பில் ட-வில் தொடங்க இயலாது என்றார். ஆயினும் என் மகனுக்கு மட்டும் பென்சிலுக்குப் பதில் துண்டுக் கிரேயான் கொடுப்பதற்கு ஒத்துக்கொண்டார்.

மொச்சையைச் செய்தோம். முதல் நாள் கிண்ணத்தில் விழுந்ததைக் காட்டிலும் அலமாரிக்கு அடியில் விழுந்ததே அதிகம். நான்காம் நாள் ஏறக்குறைய எல்லாம் கிண்ணத்திலேயே விழுந்தன. மாவுக்கயிற்றில் உ செய்யும்போது சுழியை எப்போதும் எதிர்த்திசையில் சுற்றுகிறான். இடதுகைப் பிள்ளைகளுக்கு இது வழக்கமா, திருத்த வேண்டுமா என்று விரல்கணக்கு சொன்னால் நல்லது. அ இன்னும் வரவில்லை. ட வந்துவிட்டது. சிலேட்டில், சமையலறைச் சுவரில், மாமனாரின் செய்தித்தாளின் ஓரத்தில் எல்லாம் ட இருக்கிறது. அதை அவன் நாற்காலி என்கிறான். ஒவ்வொரு ட-வின் மேலும் யாரையாவது உட்காரவைத்து வரைகிறான்.

விரல்கணக்கு (ஜனவரி 27, காலை 8.45)

இந்த வயதில் எந்தக் கைக்காரப் பிள்ளையும் சுழியைத் திருப்பிச் சுற்றும். இடது கைக்கு அந்தத் திசை சற்று எளிதாகவும் இருக்கலாம். திருத்தாதீர்கள், கயிற்றை வைக்கும் பலகையில் தொடக்கப் பச்சைப் புள்ளியோடு ஓர் அம்புக்குறியையும் சேர்த்து வரைந்துவிட்டு, அவன் சுற்றும்போது பேசாமல் இருங்கள். ஒரு மாதம் ஆகியும் மாறவில்லை என்றால் இங்கே எழுதுங்கள். நாற்காலியில் உட்காருபவர்களுக்கு விரல்கள் வரைகிறானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பவானிக்கரை (ஜனவரி 27, இரவு 9.05)

வரைகிறான். இடது கையில் ஏழு, வலது கையில் மூன்று.